உன் குரலுக்கு விட்ட இடம்

எலப்புள்ளி,
ஞாயிறு மாலை.

அன்புள்ள ஆர்த்திக்கு,

முதலில் மன்னித்துக்கொள். பாட்டைப் பற்றி இனி என்னிடம் பேசாதே என்று சொல்லியிருந்தாய். பேசவில்லை, எழுதுகிறேன். போனில் நீ ஒரு அதட்டுப் போட்டால் எனக்கு வாயடைத்துவிடும். விடுதியில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவளுக்கு அது தெரியாதா? கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. உறைக்குள் ஒரு பென் டிரைவும் இருக்கிறது. இதைப் படித்து முடித்த பிறகு கேள்.

கோயம்புத்தூர் ஸ்டுடியோக்காரர் உன் குரல் மெலிசு, எடுபடாது என்று சொன்னதும், முதல் சரணத்தோடு எழுந்து வந்துவிட்டாய். "அம்மாவுக்குப் பாட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். எல்லாத்தையும் அழிச்சிருடி" என்றாய். நான் அழிக்கவில்லை. உன் சந்தனம் அம்மா தேயிலைக் கொழுந்து பறிப்பிலிருந்து ஓய்வு பெறும் நாளில், எஸ்டேட் லைன்ஸ் வீடுகளில் எல்லோரும் கேட்கப் போட வேண்டும் என்று நீயே எழுதிய பாட்டு அது. அந்த நாள் அடுத்த மாதம் வருகிறது. எப்படி அழிப்பேன்?

ஸ்டுடியோக்காரர் கொடுத்த, குரலும் வாத்தியங்களும் தனித்தனியாக இருக்கும் டிராக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். உன் குரலை மட்டும் தனியாகக் கேட்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது, ஆர்த்தி! மெலிசே இல்லை. பிறகு ஏன் பாட்டுக்குள் போனதும் காணாமல் போகிறது? அதைக் கண்டுபிடித்தே தீருவது என்று, கஞ்சிக்கோட்டிலிருந்து வேலை முடிந்து வந்ததும் தினமும் லேப்டாப் முன் உட்கார்ந்தேன். திரையில் ஓடும் ஒலிக்கோடுகளை அம்மா எட்டிப் பார்த்து, "இந்தக் கோட்டப் பாத்துட்டு உக்கோர்றதுக்குத்தான் காலேசுக்குப் போனியா அம்முணி?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

முதலில் எல்லோரும் செய்கிற தப்பைத்தான் செய்தேன். குரலைக் கூட்டினேன். தபேலா அமுங்கியது, அதைக் கூட்டினேன். மறுபடி குரல். கடைசியில் எல்லாம் உச்சத்தில் முட்டிக்கொண்டு கரகரத்தது. எதிரொலி சேர்த்தால் கனம் வரும் என்று அள்ளிக் கொட்டினேன். ஆனந்தகுமார் அண்ணன் கேட்டுவிட்டு, "ஏம்புள்ள, உன்ற சிநேகிதி கெணத்துக்குள்ள உளுந்துட்டுப் பாடுதா? கவுறு கொண்டாரட்டா?" என்றான்.

கோபத்தில் எல்லாவற்றையும் கீழே இறக்கிவிட்டு, உன் குரலை மட்டும் முதலில் ஏற்றினேன். பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாக, உனக்கு இடைஞ்சல் ஆகாத அளவுக்கு. கீபோர்டு வந்ததும் நீ மறைந்தாய். அப்போதுதான் பிடிபட்டது! அது உன் குரல் இருக்கும் அதே நடு ஸ்தாயியில் உட்கார்ந்திருக்கிறது. சந்தை வாசலில் இரண்டு வண்டிகள் ஒரே நேரத்தில் நுழையப் பார்ப்பது போல. கீபோர்டில் அந்த நடுப்பகுதியைக் கொஞ்சம் குறைத்து, இடது காதுப் பக்கம் தள்ளினேன். கிட்டாரை வலது பக்கம். நடுவில் நீ மட்டும். உன் குரலை ஒரு துளி கூடக் கூட்டவில்லை, ஆனால் பக்கத்தில் நின்று பாடுவது போலக் கேட்டது. நான் எழுந்து ஒரு குதி குதித்தேன்.

அண்ணனுடைய பிக்கப் வண்டியில் போட்டதும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. சீட்டுக்கு அடியில் அவ்வளவு பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ் வைத்திருக்கிறான், தொம் தொம் என்பதைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. இயர்போனை மட்டும் நம்பியது என் தப்பு. அந்தத் தொம் தொம் முழக்கத்தைக் குறைத்து, வண்டியிலும் போனிலும் அம்மாவின் பழைய ரேடியோப் பெட்டியிலும் மாற்றி மாற்றிக் கேட்டுச் சரிசெய்தேன்.

போன வாரம் வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் அண்ணன் கன்றுகளை இறக்கும்போது வண்டியில் பாட்டு ஓடியது; நானும் கூடப் போயிருந்தேன். மாட்டு வியாபாரி காளிச்சாமி மாமா சும்மா பேசினாலே சந்தை முழுக்கக் கேட்கும். அவர் பேச்சை நிறுத்திவிட்டு, "ஏப்பா ஆனந்து, அத இன்னொருக்கா போடு. அந்தப் புள்ள என்ன சொல்லுதுன்னு கேக்கோணும்" என்றார். கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்று கேட்டார். முடிந்ததும், "என்ன கண்ணு, பாதியில நின்னுபோச்சு?" என்றார், என்னைப் பார்த்து. யார் எதைக் கேட்டாலும் தரையைப் பார்க்கிற நான், "மீதி வருமுங்க மாமா" என்று சொல்லிவிட்டேன். சத்தமாக! அண்ணனே திரும்பிப் பார்த்தான்.

அதனால் இப்போது நீ இரண்டாவது சரணத்தைப் பாடியாக வேண்டும். ஸ்டுடியோ வேண்டாம். எதிரொலிக்காமல் இருக்க உங்கள் வீட்டுக் கம்பளிகளை மூன்று பக்கமும் தொங்கவிடு. தேயிலைத் தொழிற்சாலை ஓடாத நேரமாகப் பார். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வை. கத்தாதே, என்னிடம் பேசுவது போலப் பாடு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். சந்தனம் அம்மாவுக்கு என் வணக்கம். பாட்டைப் பற்றி மட்டும் மூச்சு விடாதே.

இன்னும் ஒன்று. சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். அந்தச் சரணம் வரவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. நெல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, நானே பாடி வைத்திருக்கிறேன். கேட்டால் சிரிப்பாய், சிரித்துக்கொள். உன் குரல் வந்ததும் அதை எடுத்துவிடுவேன். ஆனால் கடைசியில் "போதும்மா, இப்போ நீ உட்காரு" என்று ஒரு வரி வருகிறதே, அந்த ஒரு வரியில் மட்டும், உனக்குக் கீழே, கேட்டும் கேட்காத அளவில், என் குரலை விட்டுவைக்கட்டுமா?

அன்புடன்,
யோகப்பிரியா