முதுகுப் பக்கம் நின்ற அண்ணனுக்கு

அன்புள்ள செவெரினோ அண்ணனுக்கு,

நிக்கோலாசா எழுதுவது. மரியன்னை உன்னை நலமாக வைத்திருக்கட்டும். போனில் உன் குரலைக் கேட்டால் எனக்கு வாய் எழும்பாது. அதனால் குவாத்தமாலா நகரத்துக்கு வெங்காய லாரி ஓட்டும் சாந்தோஸ் மாமாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அம்மாவை ஏரி தெரிகிற மேட்டில் அடக்கம் செய்தோம். ஊரே வந்தது. பெட்டியை மூட வந்தவர்களிடம் அப்பா, "கொஞ்சம் பொறுங்கப்பா, கடைசிப் படகு வரட்டும்" என்றார். படகிலிருந்து கோழிக்கூடைகளோடு இரண்டு பெண்கள்தான் இறங்கினார்கள்.

நீ வராததற்குப் போனில் சொன்ன காரணத்தை அப்பா பிறகுதான் என்னிடம் சொன்னார். "நான் கிளம்புன அன்னைக்கு அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. இப்ப அவ முகத்துல எப்படி முழிப்பேன்?" என்றாயாம். அன்று அப்பா சாப்பிடவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்று. உன் ஓவியம் போட்ட காலண்டர் போன வருஷம் நம் சந்தைக்கு வந்தது. தக்காளிக்கடை பெத்ரோனா அக்கா அதை அம்மாவிடம் நீட்டி, "அடியே, உம்மகன் உன் முதுகை வித்தே பொழைக்கிறான்டி! மூஞ்சி வரைய பயமா அவனுக்கு?" என்று சிரித்தாள். படத்தில் வெங்காயம் சுமக்கும் பெண்கள் எல்லாருமே முதுகு காட்டித்தான் போனார்கள். அம்மா நடுவில் போகிறவளின் சட்டையைத் தொட்டாள். அம்மாவின் சட்டையேதான்; நெய்த பறவையின் வால் கிழிந்து, அவள் பச்சை நூலால் ஒட்டுப்போட்ட இடம். "தையலைக்கூட விடல பாரு எம்புள்ள" என்றாள். வருஷம் முடிந்தும் அந்தக் காலண்டரை அடுப்படிச் சுவரிலிருந்து எடுக்க விடவில்லை. இப்போது புகையேறிக் கிடக்கிறது.

அம்மாவின் முகம் இருக்கிற ஒரே படம் அடையாள அட்டையில்தான். "ஊசி போடக் கூப்பிட்ட மாதிரி முழிக்கிறேன், இது நானே இல்ல" என்பாள்.

அண்ணா, கிளம்பிய அன்று நீ வாசலில் நின்றாய். நான் அடுப்புக்கு அந்தப் பக்கம், ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்கு எதிரே, சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தேன். நீ முதுகைப் பார்த்தாய். நான் முகத்தைப் பார்த்தேன்.

"அம்மா, போயிட்டு வரேன்" என்று நீ சொன்னபோது கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். இடது கன்னத்தில் சோளமாவு. கண்ணீர் அந்த மாவில் கோடு போட்டு இறங்கியது. கையிலிருந்த ரொட்டி கிழிந்த பிறகும் தட்டிக்கொண்டே இருந்தாள். நான் வாய் திறக்கப்போனேன். வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னாள். நீ படகுத்துறைக்கு இறங்கிய பிறகுதான் பேசினாள்: "நான் திரும்பியிருந்தா அவன் போயிருக்க மாட்டான்டி. வெங்காயக் காட்டுலயே கெடந்து மக்கிருப்பான். இதை அவன்கிட்ட சொல்லிடாத, ஓடியாந்துருவான்."

சொல்லிவிட்டேன், அண்ணா. இனி ஓடி வந்தால் தடுக்க அவள் இல்லை.

நவம்பர் முதல் தேதி, இறந்தவர்களை நினைக்கும் திருநாளில், கல்லறைக்கு மஞ்சள் பூ கொண்டுபோவோம். அதற்குள் வா. அம்மாவை நம் பக்கம் திருப்பி வரைந்துகொடு. உதடும் மாவும் நான் எழுதியபடி இருக்கட்டும். கண்கள்தான் எனக்கு எழுத வரவில்லை. நீ வரையும்போது பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன்.

அடுப்படியில் இப்போது நான்தான் இருக்கிறேன். வாசலில் நின்று கூப்பிடு. நான் திரும்பிப் பார்ப்பேன்.

அம்மா வாய்விட்டுச் சொல்லாத ஆசியோடு,
உன் தங்கை
நிக்கோலாசா