மலைக்கு ஒரு டீசல் பைக்

மார்ச் 3, செவ்வாய்

மலை ஓடைகளின் நீர்மட்டத்தை நேரில் போய் அளக்க ஆள் வேண்டுமாம். எங்கள் ஆபீசிலிருந்தே எடுக்கிறார்கள். மற்றவர்கள் அளந்து வந்ததை இரண்டு வருடமாகக் கணினியில் ஏற்றுகிறேன். ஓர் ஓடையைக்கூடப் பார்த்ததில்லை. ஒரே நிபந்தனை, மலைமேல் கடைசி அளவு நிலையம்வரை ஏறுகிற சொந்த வண்டி. என் ஸ்கூட்டருக்கு ஆபீஸ் வாசல் மேடே மலை.

பக்கத்து மேசைக்காரர் பெயர் கொடுத்துவிட்டார். பளபளவென்று பெட்ரோல் பைக் வைத்திருக்கிறார். நான் கையைத் தூக்கலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது.

மார்ச் 5, வியாழன்

ஒரு விளம்பரம். டீசலில் ஓடும் அட்வென்ச்சர் டூரிங் பைக், காடுமேடெல்லாம் ஏறுமாம், பழையது. டீசலில் பைக்கா?

மார்ச் 8, ஞாயிறு

அப்பாவோடு போய்ப் பார்த்தேன். விற்பவர் கப்பலில் இன்ஜினியராக இருந்தவர். முழங்கால் ஒத்துழைக்கவில்லையாம். ஸ்டார்ட் செய்ததும் ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது.

“இது பைக்கா, கிணத்து மோட்டாரா?” என்றார் அப்பா.

“தண்ணி வரலைன்னா பைக்குன்னு வச்சுக்கோங்க” என்றார் கப்பல்காரர்.

ஒழுங்காக யோசிக்கிறேன். கனம் அதிகம்; படுக்கப்போட்டுத் தூக்கிப் பார்த்தேன், மூன்றாவது முறைதான் எழுந்தது. வேகம் கிடையாது. “நானே லாரில முந்திடுவேன்” என்கிறார் அப்பா. ஆயில் அடிக்கடி மாற்ற வேண்டும். லைட்டோ ஹேண்டில்பாரோ உடைந்தால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வாரக்கணக்கில் ஆகும். ஆனால் இன்ஜின் சின்ன டிராக்டருடையது. ஃபில்டர் எந்த டிராக்டர் கடையிலும் கிடைக்கும். இதே கனமுள்ள பெட்ரோல் பைக்கைவிட லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஓடும். ஊருக்குள் ஓட்ட மட்டும் என்றால் வாங்குவது பைத்தியக்காரத்தனம்.

மலைக்கு? அடிவாரத்தைத் தாண்டினால் பெட்ரோல் பங்க் கிடையாது. ஆனால் மேல் நிலையம் ஒவ்வொன்றிலும் ஜெனரேட்டர், அதன் பக்கத்தில் டீசல் பீப்பாய். மாதாமாதம் எத்தனை லிட்டர் போகிறது என்று டைப் அடிப்பதே நான்தான். இத்தனை நாள் இது எனக்கு உறைக்கவே இல்லையே!

திரும்பும் வழியில் அப்பா மெதுவாகக் கேட்டார். “உன்னப் படிக்க வச்சது நிழல்ல உக்காரத்தானம்மா. நம்ம வீட்டுல நான் ஒருத்தன் லாரி ஓட்டுனது போதாதா?”



மார்ச் 9, திங்கள்

பெயர் கொடுத்துவிட்டேன்.

“சனிக்கிழமை ரெண்டு பேரும் போங்க. எல்லா நிலையத்து அளவும் யார் கொண்டு வர்றீங்களோ, வேலை அவங்களுக்கு” என்றார் மேலாளர் அம்மா. வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள் என்று கப்பல்காரர் சாவியைக் கொடுத்திருக்கிறார்.

மார்ச் 14, சனி

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

அடிவார பங்கில் “டீசல்” என்றேன், எனக்கே கேட்காத குரலில். ஊழியர் பைக்கைப் பார்த்தார், பழக்கத்தில் பெட்ரோல் குழாயை எடுத்துச் சொருகினார். வாசனை மூக்கில் ஏறியது. பிறந்ததிலிருந்து அப்பா சட்டையில் முகர்ந்த வாசனை இல்லை இது.

“நிறுத்துங்கண்ணா!”

அது என் குரலா? பங்கே திரும்பிப் பார்த்தது.

“டீசல் வண்டிண்ணா இது!”

“பைக்குல டீசலா? முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“சொன்னேன். இனிமே சத்தமாச் சொல்றேன்.”

நல்லவேளை, ஸ்டார்ட் செய்யவில்லை. டாங்க்கை முழுக்க வடித்துவிட்டு டீசல் ஊற்றிக் கிளம்புவதற்குள் பக்கத்து மேசைக்காரர் எப்போதோ போயிருந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்றுதான் ஏறினேன். வண்டி அவசரப்படவே இல்லை. கல், சேறு, வளைவு எல்லாவற்றிலும் ஒரே தடதட. நிலையம் நிலையமாக அளவைக் குறித்துக்கொண்டே போனேன். ஒருமுறை சாய்த்துவிட்டேன். முதல் முயற்சியிலேயே தூக்கினேன்!

கடைசிக்கு முந்தின நிலையப் படியில் அவர் உட்கார்ந்திருந்தார்.

“பெட்ரோல் தீந்துபோச்சும்மா. மேல பீப்பாய் இருக்குன்னாங்களேன்னு தைரியமா வந்துட்டேன். தொறந்து பாத்தா டீசல்.”

காவலரிடம் சொல்லிவிட்டு அதே பீப்பாயிலிருந்து நிரப்பிக்கொண்டேன். கடைசி ஓடையைப் பார்த்தேன். எண்ணாக மட்டுமே தெரிந்த தண்ணீர், என்ன சத்தம் போடுகிறது! அளவுக் கம்பத்தில் ஈரக்கோட்டைப் படித்துவிட்டு, திரும்பும்போது அவரையும் பின்னால் ஏற்றிக்கொண்டேன்.

“யார்கிட்டயும் சொல்லிடாதம்மா.”

“நான் எப்ப சார் யார்கிட்ட பேசியிருக்கேன்?”

இருவரும் அடிவாரம்வரை சிரித்தோம்.

மார்ச் 16, திங்கள்

வேலை எனக்கு. வண்டியும் எனக்கு.

ஏப்ரல் 2, வியாழன்

சேற்று பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே அப்பா யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“அங்கெல்லாம் நம்ம லாரி ஏறாதுப்பா. அது எம்பொண்ணு போற ரோடு.”