மானுக்கு விட்ட வழி

உன் மகன் நேற்று உன் புடவைகளை எல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து என் வாசலில் வைத்தான். வேலிக்கு ஆகும் சித்தி என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்துவிட்டது. கொல்லையைச் சுற்றிப் பழைய புடவை கட்டினால்தான் மானும் பன்றியும் மிரண்டு ஒதுங்கும். இந்தப் பக்கம் எல்லோரும் செய்வதுதான். ஆனால் மூட்டையைப் பிரித்ததும் உன் துணி சோப்பு வாசனை குப்பென்று வந்தது. அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

நாம் இருவரும் ஒரே வருஷம் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். கொல்லையும் அடுத்தடுத்து அமைந்தது. மேற்கே காப்புக்காடு, கிழக்கே குட்டை, நடுவில் நீயும் நானும். மழை ஏமாற்றிய அந்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். கதிரில் பால் பிடிக்கிற நேரத்தில் மான் இறங்கிவிடும் என்ற பயத்தில், ஊரில் இருக்கிற கிழிசல் புடவையை எல்லாம் கேட்டு வாங்கி, ஒரு சந்துகூட விடாமல் இரண்டு கொல்லையையும் சேர்த்துச் சுற்றிக் கட்டினோம். கட்டி முடித்துவிட்டு இனி ஒரு கொசு நுழையாது என்று நான் பெருமை வேறு பட்டுக்கொண்டேன்.

காட்டுக்குள் சொட்டுத் தண்ணீர் இல்லை. குட்டைக்கு வந்த புள்ளிமான் ஒன்று, வேலியைப் பார்த்து மிரண்டு பக்கத்துக் கொல்லை வழியாக ஓடியிருக்கிறது. நாய்கள் துரத்த, சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றில் விழுந்துவிட்டது. தீயணைப்பு வண்டிக்காரர்கள் கயிறு போட்டுத் தூக்கியபோது உயிர் இல்லை. சினைமான். ஊரே நாயைத் திட்டியது, கிணற்றுக்காரரைத் திட்டியது. நீ மட்டும் நம் வேலி ஓரமாக வந்து நின்றாய்.

“தண்ணிக்குப் போற வழிய அடச்சது நாமதான்டி. பயிர காப்பாத்தறோம்னு அதோட தொண்டையில கட்டிட்டோம்.”

அடுத்த வெள்ளாமையில் உன் கொல்லைக்குள் மாட்டுவண்டி அகலத்துக்கு விதைக்காமல் விட்டாய். இரண்டு பக்கமும் புடவை கட்டி, காட்டிலிருந்து குட்டைக்கு ஒரு தெரு மாதிரி ஆக்கினாய். எனக்கே அது கிறுக்குத்தனமாகத்தான் பட்டது. மானுக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டாள் என்று டீக்கடையில் சிரித்தார்கள். “ஆமா, தீர்வை மட்டும் நான் கட்டிக்கிறேன்” என்று நீயும் சிரித்துவிட்டு வந்தாய். அந்தக் கிணற்றைச் சுற்றி முள் வெட்டிப் போட்டதும் நீதான். பக்கத்துக் கொல்லைக்காரர் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

பொழுது இறங்கும்போது வரப்பில் உட்கார்ந்திருப்போம். முதலில் ஒன்று வந்து காதைத் தூக்கிப் பார்க்கும். அப்புறம் குட்டிகளோடு மற்றவை வரும். பயிரைத் தொடாது என்று நான் பொய் சொல்ல மாட்டேன், போகிற போக்கில் எட்டிக் கடிக்கத்தான் செய்தன. நீ கண்டுகொள்ள மாட்டாய். ரஞ்சன்குடிக் கோட்டை பார்க்க வந்த பையன்கள் சிலர் ஒருமுறை பைக்கை நிறுத்திவிட்டு, போனைத் தூக்கிக்கொண்டு குட்டைக்கே இறங்கினார்கள். ஒருவன் கையில் பிஸ்கட் பொட்டலம். நீ சத்தம் போடவில்லை. பக்கத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாய்.

“தம்பி, பாக்கணும்னா இங்கேருந்து எவ்ளோ நேரம் வேணா பாருங்க. கிட்ட போனீங்கன்னா அது தண்ணி குடிக்காம திரும்பிடும். நீங்க பைக்ல போயிருவீங்க, அது எங்க போவும்?”

பையன்கள் பிஸ்கட்டைத் தாங்களே தின்றுகொண்டு, நம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் போனார்கள். போகும்போது காகிதத்தைக்கூட எடுத்துக்கொண்டு போக வைத்தாய்.

என் வீட்டுக்காரர் போன பிறகு, மகளும் திருப்பூரோடு தங்கிவிட்ட பிறகு, நாள் முழுக்க நான் பேசியது எல்லாம் அந்த வரப்பில்தான். சித்திரையில் ஒரு காய்ச்சலில் நீயும் போய்விட்டாய். இத்தனை வருஷப் பழக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை என்று உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

உன் கொல்லையை இந்த வருஷம் என்னைத்தான் பார்த்துக்கொள்ளச் சொன்னான் உன் மகன். விதைக்கும்போது அந்த வழியை விட்டுத்தான் விதைத்தேன். நேற்றுதான் அவன் அதைப் பார்த்தான். இப்போதாவது வேலியை இழுத்து மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் பயிர் முழுக்க வீணாகும் என்றான். நல்ல பிள்ளைதான், குறை சொல்ல மாட்டேன். மூட மாட்டேன் என்றேன்.

“அம்மாவே இல்ல. இனிமே யாருக்காக சித்தி அந்த வழி?”

மான் செத்ததைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதுதான் முறையான பதில், நீ இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பாய். எனக்கு வேறொன்று வந்தது.

“எனக்காகத்தான்டா. அதையும் அடச்சிட்டா, பொழுது போனா அந்தப் பக்கம் வர்றதுக்கு ஒரு உசிரு இல்ல.”

அவன் உங்கள் இஷ்டம் என்று சொல்லிப் பஸ்ஸுக்குப் போனான்.