மூன்று தடவை கழற்றிய சங்கிலி

கோவில்பட்டி
10-6-1963

அன்புள்ள தம்பி பூவனலிங்கத்துக்கு அக்கா வெள்ளைத்தாய் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் செண்பகமும் சுகம். உன் சுகத்தைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். ஆனால் பேனாவை எடுத்தால் கோபம்தான் முன்னால் வருகிறது.

சித்திரையில் நீ வந்து எடுத்த செண்பகத்தின் பிறந்தநாள் படம் பார்சலில் வந்தது. உன் அத்தான் தன் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியிடம் கெஞ்சி, படம் காட்டுகிற மிஷினை இரவல் வாங்கி வந்தார். சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் முற்றத்தில் திரைக்கு வேட்டியைக் கட்டினோம். ஆபீஸில் குச்சி அடுக்குகிற பெண்கள், தெருக்காரர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். இடைசெவலில் இருந்து சீனித்தாய் மதினியை நான்தான் ஆள் அனுப்பி வரவழைத்தேன். பின்னால் நிற்கிறேன் என்றவர்களைக் கையைப் பிடித்து ஜமுக்காளத்தில் முதல் வரிசையில் உட்கார வைத்தேன்.

மதினி எப்படிப்பட்டவர்கள் என்று உனக்குத் தெரியாதா? தாய் தகப்பன் இல்லாத தம்பியை, உன் அத்தானை, வளர்த்து ஆளாக்கினவர்கள். புருஷன் போன பிறகு ஒரு நல்லது பொல்லாததில் முன்னால் வந்து நின்றது கிடையாது. பருத்தி போட்ட காசில் செண்பகத்துக்குச் சங்கிலி செய்து கொண்டுவந்து, "நீயே போடு தாயி, நான் போடக் கூடாது" என்றார்கள். "நீங்கதான் போடணும் மதினி" என்று நான் பிடிவாதம் பிடித்துப் போட வைத்தேன். நீ காமிராவோடு பக்கத்தில்தானே நின்றாய்.

படத்தில் என்ன வந்தது? மதினி பின்பக்கமாக நடந்து வருகிறார்கள். அழுகிற பிள்ளையின் கழுத்தில் இருந்து சங்கிலியைக் கழற்றுகிறார்கள். சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு பின்பக்கமாகவே போகிறார்கள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. முற்றமே உருண்டு சிரித்தது. கூட்டத்தில் ஒருத்தி, "ஏ சீனித்தாயி, போட்ட சூட்டோட கழட்டிட்டியே" என்றாள். அதற்குப் பிறகு பிள்ளை கேக்கைத் துப்பியதையும், ஊதியதும் மெழுகுவர்த்தி எரிந்ததையும் நான் பார்க்கவே இல்லை. மதினியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன்" என்று எழுந்து போய்விட்டார்கள். சாப்பிடவில்லை.

இது என்ன வேலை தம்பி? உடனே பதில் போடு.

உன் அக்கா,
வெள்ளைத்தாய்

*

சென்னை
15-6-1963

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பிரிக்கும்போது, படம் எப்படி என்று நாலு வார்த்தை பாராட்டி எழுதியிருப்பாய் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கொஞ்சம் யோசித்துப் பார். விளக்கை வாயால் ஊதக் கூடாது என்று அன்றைக்குக் கண்ணைக் கசக்கியது யார்? நான் சென்னையில் இருந்து நசுங்காமல் மடியில் வைத்துக் கொண்டுவந்த கேக். பிள்ளை ஊதியதும் நீ, "விளக்க அணைக்கிறதுன்னு வாய்விட்டுச் சொல்லக்கூட யோசிப்போம், என் பிள்ளைய ஊத வச்சிட்டியேலே" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டாய். அந்தக் குறை போகட்டும் என்றுதான் படத்தைத் திருப்பி ஒட்டினேன். இப்போது செண்பகம் ஊதினால் விளக்கு எரியும். தீப்பெட்டி ஊரில் குச்சி இல்லாமல் விளக்கேற்றிய பிள்ளை உன் பிள்ளை ஒருத்திதான். மெழுகுவர்த்தியில் இருந்து சங்கிலி வரைக்கும் ஒரே ஓட்டத்தில் எடுத்தது. ஒன்றைத் திருப்பினால் மற்றதும் திரும்பத்தான் செய்யும்.

நான் வேலை பார்ப்பது விளம்பரப் படம் எடுக்கிற சின்னக் கம்பெனி. எடிட்டர் வீட்டுக்குப் போன பிறகு, மிச்சம் விழுந்த பிலிமை வைத்து இதை ஒட்டினேன். முதலாளி கண்டுபிடித்தால் வேலை போகும். இதெல்லாம் யாருக்காக?

நாலு பேர் சிரித்தார்கள் என்றால் படம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த அம்மாளிடம் விளையாட்டு என்று சொல். அத்தானுக்கு என் வணக்கம். மருமகளுக்கு முத்தம்.

உன் தம்பி,
பூவனலிங்கம்

*

கோவில்பட்டி
21-6-1963

தம்பி பூவனலிங்கத்துக்கு,

உன் கடிதம் வந்தது. "அந்த அம்மாள்" என்று எழுதியிருக்கிறாய். நீ எஸ்.எஸ்.எல்.சி. படிக்கும்போது எங்கள் வீட்டில் தங்கி, மதினி கொடுத்துவிட்ட கம்பையும் உளுந்தையும் இரண்டு வருஷம் சாப்பிட்டாய். அப்போது அவர்கள் அந்த அம்மாளாக இல்லை.

மெழுகுவர்த்திக்காகத் திருப்பினேன் என்கிறாய். சரி, நம்புகிறேன். ஆனால் மெழுகுவர்த்தி ஒரு தடவைதான் எரிந்தது. மதினி மூன்று தடவை சங்கிலியைக் கழற்றினார்கள். அந்த மூன்றும் தானாக ஒட்டிக்கொண்டதா? என்னை என்ன விவரம் கெட்டவள் என்று நினைத்தாயா? அக்கா படிக்காதவள்தான். எண்ணத் தெரியும்.

போன வாரம் நானும் உன் அத்தானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இடைசெவல் போனோம். அங்கே சின்னப் பிள்ளைகள் மதினியைக் கண்டால் பின்பக்கமாக நடந்து காட்டுகிறதுகள். படம் பார்த்தது எங்கள் தெருதான். கதை பஸ் ஏறிப் போய்விட்டது. கிணற்றடியில் ஒரு கிழவி, "கொடுத்த மாதிரி கொடுத்துட்டு வாங்கிட்டாளாமே" என்று என் காதுபடவே கேட்கிறாள். சங்கிலி பிள்ளையின் கழுத்தில் கிடக்கிறது, நான் தூக்கிக் காட்டுகிறேன். "அதான் படத்துலயே வந்துச்சாமே" என்கிறாள். கண்ணால் பார்க்கிற சங்கிலியைவிட உன் படத்துக்கு மதிப்பு.

மதினி ஒரு வார்த்தை உன்னைத் திட்டவில்லை. "நான் முன்னால வந்து நின்னது தப்புதான தாயி. அவிய அவிய இருக்க வேண்டிய எடத்துல இருக்கணும். இனி எதுக்கும் என்னைக் கூப்பிடாதீக" என்றார்கள். உன் அத்தான் வழியெல்லாம் பேசவே இல்லை. அன்றிலிருந்து வீட்டிலும் என்னோடு பேச்சில்லை. படம் எடுத்தது நீ, பாடு எனக்கு.

ஆவணியில் செண்பகத்துக்குக் கழுகுமலையில் காது குத்தப் போகிறோம். மதினி வராமல் நான் குத்த மாட்டேன். உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். "சங்கிலி போட்டது நீங்கள்தான், நான் வேடிக்கைக்காகத் திருப்பி ஒட்டினேன், மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று மதினிக்கு ஒரு கார்டு போடு. கவர் வேண்டாம், கார்டு. தபால்காரர் படித்தால் ஊருக்கே தெரியும்.

வெள்ளைத்தாய் அக்கா

*

சென்னை
4-7-1963

அக்காவுக்கு,

தபால்காரன் படித்துக் காட்ட நான் மன்னிப்புக் கார்டு போட வேண்டுமா? நன்றாக இருக்கிறது. உன் புகுந்த வீட்டுக்காரர்களுக்குப் பரிந்துகொண்டு கூடப் பிறந்தவனை ஊர் முன்னால் தலைகுனியச் சொல்கிறாய்.

ஆமாம், மூன்று காப்பி எடுத்து ஒட்டினேன். எங்கள் அறையில் அதைப் பார்த்து எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். எடிட்டரே பார்த்துவிட்டு, திட்டாமல், "உனக்குக் கை வருகிறது" என்றார். மூன்று வருஷத்தில் அவர் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. சிரிக்கத் தெரியாத ஊரில் படம் காட்டியது என் தப்பு.

உன் வாய்க்குப் பயந்து வேறொரு சுருள் அனுப்பியிருக்கிறேன். இந்த வாரம் பார்சல் வரும். இதில் எல்லாம் நேராக ஓடும். அந்தச் சங்கிலிப் பகுதியையே வெட்டி எடுத்துவிட்டேன். சீனித்தாய் மதினி ஒரு இடத்தில்கூட வர மாட்டார்கள். போட்டார்களா, கழற்றினார்களா என்ற பேச்சுக்கே இடம் இல்லை. இனி யாருக்கு என்ன குறை?

காதுகுத்து என்று எழுதியிருக்கிறாய். மதினி வராமல் குத்த மாட்டாயாம். தாய்மாமன் மடி இல்லாமல் குத்திவிடுவாயோ? பிள்ளைக்கு மாமன் நான் ஒருத்தன்தான், ஞாபகம் இருக்கட்டும். நீயும் அத்தானும் முறைப்படி நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால் வருவேன். தோடு என் செலவு. மன்னிப்பு, கார்டு என்ற பேச்சை எடுத்தால் வர மாட்டேன். மடி வேண்டுமா, கார்டு வேண்டுமா, நீயே முடிவு பண்ணு.

பூவனலிங்கம்

*

கோவில்பட்டி
2-9-1963

சிரஞ்சீவி பூவனலிங்கத்துக்கு வெள்ளைத்தாய் எழுதுவது.

போன வெள்ளிக்கிழமை கழுகுமலையில் செண்பகத்துக்குக் காது குத்தியாகிவிட்டது. உனக்குத் தெரிவிக்க வேண்டியது என் கடமை.

உன் இரண்டாவது சுருள் வந்தது. மதினியை வெட்டிவிட்டேன் என்று நீயே எழுதிய பிறகு அதில் பார்க்க என்ன இருக்கிறது? பிரிக்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கூட்டத்தில் ஒருத்தரைக் கேவலப்படுத்திவிட்டு, அது தப்பு என்றால் ஆளையே இல்லாமல் ஆக்குவது எந்த ஊர் நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. உன் கை வந்த வேலை அதுதான் என்றால் அது உன்னோடு இருக்கட்டும்.

மடியா கார்டா என்று கேட்டிருந்தாய். ஆடி முழுக்க கார்டு வரும் வரும் என்று பார்த்தேன். இடைசெவலில் இருந்து சந்தைக்கு வந்தவர்களிடமெல்லாம் கேட்டேன், இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். ஆவணி பிறந்ததும் நான் மட்டும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இடைசெவல் போனேன். "காது குத்தணும் மதினி, பிள்ளை உங்க மடியிலதான் இருப்பா" என்றேன்.

மதினி பதறிப்போனார்கள். "ஏட்டி, உனக்குக் கிறுக்கா? மாமன் மடியில இருக்க வேண்டிய பிள்ளைய அறுத்தவ மடியில வைக்கவா? ஊரு சிரிக்கும்."

"ஊரு சிரிச்சு முடிச்சிட்டு மதினி. இனி என்ன புதுசா சிரிக்கப் போகுது" என்றேன்.

இரண்டு நாள் அங்கேயே இருந்தேன். சோறு வைத்தால் சாப்பிட்டேன், பதில் சொல்லாமல் கிளம்ப மாட்டேன் என்றேன். என் பிடிவாதம் உனக்குத் தெரியும். மூன்றாம் நாள் காலையில் பெட்டியைத் திறந்து நல்ல சேலை ஒன்றை எடுத்து உதறினார்கள்.

கோவிலில் ஆசாரி, "தாய்மாமன் யாரு, வந்து உக்காருங்க" என்று கேட்டார். உன் அத்தான் என்னைப் பார்த்தார். மாமன் ஊரில் இல்லை, அத்தை மடி போதும் என்று நான்தான் சத்தமாகச் சொன்னேன். பெரியவர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். ஒருத்தர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். போகட்டும். மதினி உட்கார்ந்தார்கள், பிள்ளையின் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார்கள். குத்தும்போது பிள்ளை அழுததைவிட மதினி அதிகம் அழுதார்கள். அன்றைக்குத்தான் உன் அத்தான் மறுபடி என்னோடு பேசினார்.

நீ வருத்தப்படுவாய். பட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். எனக்கும் வருத்தம்தான். நீ பிறந்தபோது உன்னை மடியில் போட்டு ஆட்டியவள் நான். என் பிள்ளைக்கு உன் மடி இல்லை என்று ஊர் முன்னால் சொல்ல வேண்டிவந்தது. சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதேன். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி உன் மருமகள் பெரியவளாகும்போதுதான் மாமன் வேண்டும். அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கிறது. அதற்குள் ஒரு தடவை இடைசெவல் போய்விட்டு வா. எனக்கு எழுத வேண்டாம், இங்கே வர வேண்டாம், நேராக அங்கே போ. பஸ்ஸை விட்டு இறங்கி யாரிடம் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள். வாசலில் நின்று கூப்பிட்டால் மதினிதான் வருவார்கள். யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒட்டும்போது எத்தனையோ தடவை அந்த முகத்தைப் பார்த்திருக்கிறாய்.

வெள்ளைத்தாய்