வட்டம் வேண்டாம் என்றவளுக்கு

இன்று காலை புதுக் கேபிளின் தோலை உரித்தபோது உள்ளே இருக்கும் பசையின் எண்ணெய் வாடை வந்தது. நீ பக்கத்தில் நிற்பதுபோல இருந்தது. வெளியே மழை வலுத்துக்கொண்டிருக்கிறது. மழை என்றாலே எனக்குப் பயம், உனக்குத்தான் தெரியுமே.

பூம்பாறைக்கு மேலே உள்ள மலைச் சிற்றூர்களுக்கு இணையம் கொடுக்கலாம் என்று நாம் இருவரும் தொழில் தொடங்கியபோது கையில் இருந்த கேபிள் கொஞ்சம்தான். எந்த ஊரும் விட்டுப்போகக் கூடாது. கேபிளும் குறைவாகவே ஆக வேண்டும். டீக்கடைப் பெஞ்சில் பூண்டுகளைப் பரப்பி, ஒவ்வொன்றும் ஒரு ஊர் என்றாய்.

"ரெண்டு ஊருக்கு நடுவுல இருக்கறதுலயே சின்னத் தூரத்த மொதல்ல இழு. பெறகு அதுக்கடுத்த சின்னது. ஏற்கெனவே ஒண்ணா சேந்துட்ட ஊருகள மறுபடி சேக்காத, வட்டமாயிரும். அது வீண் கேபிள்."

இவ்வளவு எளிதாகவா என்று எனக்குச் சந்தேகம். வேறு எப்படி எப்படியோ மாற்றிப் பார்த்தும் அதைவிடக் குறைவாக வரவில்லை.

"ஒரு எடத்துல அறுந்துச்சுன்னா?" என்றேன்.

"ரெண்டு துண்டாகும். அப்பப் பாத்துக்கலாம்டி."

அந்த ஐப்பசியில் மண் சரிந்து கேபிள் அறுந்தது. மேலே இருந்த ஊர்கள் தனியாகிப் போயின. செல்போன் சிக்னல் எட்டாத இடம். அவர்கள் போன் பேசுவதே நம் கேபிள் வழியாகத்தான். அங்கே ஒரு பெண்ணுக்கு பிரசவ நாள் நெருங்கிவிட்டது என்று அந்த ஊர் நர்சம்மா முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். மண் இன்னும் இறங்கிக்கொண்டிருந்ததால் அறுந்த இடத்துக்கே போக முடியவில்லை.

நீ சரிவைப் பார்க்கவேயில்லை. "இந்தத் துண்டுலருந்து அந்தத் துண்டுக்கு, இருக்கறதுலயே கிட்டக்க எது? அத மட்டும் யோசி. வெரசா வா."

வட்டமாகிவிடும் என்று முன்பு நாம் விட்டுவைத்த ஒரு தூரம்தான் அது. பூண்டு வயல்களின் படிகளில் வழுக்கி விழுந்து, எழுந்து இழுத்தோம். இணைப்பு வந்த கொஞ்ச நேரத்தில் நர்சம்மா கூப்பிட்டார். "வலி எடுத்துருச்சும்மா, ஜீப்பு அனுப்பச் சொல்லுங்க."

ஜீப் போனது. ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த பிறகு குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள் என்று கேட்டதும் நீ ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதாய். உனக்கும் பயம் இருந்தது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

காய்ச்சல் என்று திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போன நீ உயிரோடு திரும்பி வரவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு மழைக்கும் எந்த ஊர் இணைப்பு அறுந்து சிவப்பாகுமோ என்று கணினித் திரையைப் பார்த்தபடியே இருக்கிறேன். சிவப்பானால், கிட்டக்க எது என்று உன் குரலில்தான் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். பயம் மட்டும் போகவில்லை.

அதனால்தான் இந்தப் புதுக் கேபிள். மேல் ஊர்களைச் சுற்றி ஒரு வட்டம் போடுகிறேன். ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் வழியாகப் பேசிக்கொள்ளட்டும். நீ இருந்தால் திட்டுவாய். உன் கணக்கில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அறுந்தால் ஓடுவதற்கு அன்றைக்கு நாம் இரண்டு பேர் இருந்தோம்.