சிந்தியாவின் இரண்டாவது ஓலை

மண்டைக்காடு புதூர்
18.9.2017

எனக்க மகன் யோவானுக்கு அம்மை எழுதுகது. மாதா புண்ணியத்துல இங்க எல்லாருக்கும் சுகம், மஸ்கட்டு சூட்டுல உனக்கும் மேலுக்கு ஒண்ணும் வரப்பிடாதுன்னு ஜெபமாலை சொல்லும்போதெல்லாம் கேக்கேன். முதல்ல பிள்ளைகளுக்க நல்ல காரியம் சொல்லுகேன். உனக்க மகன் பிரைட்டன் ஜில்லா பந்தயத்துல நீளம் தாண்டி கப்பு வாங்கிட்டான், உனக்க பெஞ்சாதி சகாயசெல்வி அதுல சீனி போட்டு வச்சிருந்தா, நான் அவகிட்ட சண்டை போட்டு எடுத்துக் கழுவி மாதா படத்துக்கு முன்ன வச்சிருக்கேன். உனக்க தங்கச்சி மக அபினா திருநெல்வேலியில வக்கீலுக்குப் படிக்கால்லியா, வழக்குப் பேசுக போட்டியில காலேஜுக்கே பரிசு கொண்டு வந்தா. உனக்க மக சிந்தியா ஊசி போட்டா எந்தப் பிள்ளையும் அழாதுன்னு ஆஸ்பத்திரியில பெரிய டாக்டரே சொல்லுகாராம். அதுக்கெல்லாம் மேல அவ இப்ப ஒரு காரியம் செய்தா, நீ அதை அரையும் குறையுமாக் கேட்டுட்டு போனுல அவளைச் சத்தம் போட்டுட்ட. பிள்ளை சரியாச் சோறு தின்னல. அதான் பேனா எடுத்தேன், போனுன்னா நீ இடையில கேறிப் பேசுவ, கடுதாசின்னா நான் முடிக்கது வரைக்கும் மிண்டாம கேட்டுத்தான் ஆகணும்.

இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம்னு கோயில்ல மூணு ஞாயிறு வாசிக்க ஓலையில அவளுக்க முதல் ஓலை வாசிச்ச மறுநாளு சந்தையில மீன்காரி பூங்கனி என்னைப் பாத்து, ஏ விக்டோரியாக்கா, மஸ்கட்டு சூப்பர்வைசருக்கு கறிக்கு உப்பு பாக்குகதுதான் வேலையாமேன்னு சிரிச்சா. எனக்குச் சுரீர்னு இருந்துச்சு. ஊருல எல்லாருகிட்டயும் நீ சூப்பர்வைசருன்னுதான சொல்லி வச்சிருக்க, கேம்புல சமையலுன்னு நம்ம வீட்டு ஆளைத் தவிர யாருக்குத் தெரியும். ஆனா விடுவனா, எனக்க மகன் வச்ச குழம்பை இருநூறு ஆம்பிளை வரிசையில நின்னு வாங்கித் திங்குகான், உனக்க குழம்பை உனக்க மாப்பிளையே தொடமாட்டானே ஏட்டின்னு கேட்டேன், சந்தையே சிரிச்சுட்டு. பொறவு விசாரிச்சா, கெட்டப்போறவருகிட்ட மறைக்கப்பிடாதுன்னு சிந்தியா மாப்பிளைப் பையன் ஷிஜின்கிட்ட போனுல சொல்லியிருக்கா, எங்க அப்பா சமையல்காரரு, அந்தக் கரண்டிதான் எங்களைப் படிக்க வச்சுதுன்னு. அவனுக்க போனுல யாரு பேசினாலும் தானாப் பதிஞ்சு கிடக்குமாம். இவ குரலைத் திரும்பத் திரும்பக் கேக்க ஆசைப்பட்டு வச்சிருக்கான், இவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. சார்ஜுல கிடந்த போனை அவன் தங்கச்சி எடுத்து கருங்கல் ஊருல அவுங்க வீட்டுக்கு வந்த பொம்பளைகளுக்கெல்லாம் போட்டுக் காட்டிட்டா, அது மீன் கூடையோட நம்ம சந்தைக்கும் வந்துட்டு.

சிந்தியா அழுதுட்டு மூலையில இருக்கல மக்கா. நேரே பங்குச் சாமியாருகிட்ட போயி, நான் சொல்லுகது வரைக்கும் ரெண்டாவது ஓலையை வாசிக்காதீங்க ஃபாதர்னு சொல்லிட்டா. ஷிஜினும் அவனுக்க அம்மையும் தங்கச்சியும் ஓடி வந்தாங்க. ஒரு போன் பேச்சுக்காகக் கல்யாணத்தை நிறுத்துவாங்களான்னு அவன் அம்மை கேட்டா. லீவுக்கு வந்திருந்த அபினா சொன்னா, அந்தரங்கம் எல்லா மனுசருக்கும் உரிமைன்னு சுப்ரீம் கோர்ட்டே போன மாசம் தீர்ப்பு சொல்லிட்டு அத்தை, போனுல பதியுகது எம்மட்டுக்குக் குத்தம்னு வக்கீலுமாரு இன்னும் தர்க்கம் பண்ணட்டும், கேக்காமப் பதிஞ்சதும் நாலு பேருக்குப் போட்டதும் மரியாதை இல்லன்னு சொல்ல கோர்ட்டு வேண்டாமேன்னா. எனக்கு அஞ்சாங்கிளாஸ்தான, நான் அவன் அம்மைகிட்ட எனக்குத் தெரிஞ்சதைக் கேட்டேன், மக்களே, பாவசங்கீர்த்தனத்துல நீ சொன்னதை சாமியாரு பதிஞ்சு வச்சு, தெருக்காரரெல்லாம் கூடி ஜெபிக்க அன்பியக் கூட்டத்துல போட்டா நீ பொறவு கோயிலுக்குப் போவியான்னு.

ஷிஜின் போனை சிந்தியாகிட்ட நீட்டி நீயே அழிச்சுருன்னான். இவ கையை நீட்டல. நீங்க பதிஞ்சது, நீங்களே அழிங்கன்னுட்டா. அவன் எங்க முன்னாலயே இருந்து ஒவ்வொண்ணா அழிச்சான், கண்ணு நிறைஞ்சுட்டு, கெட்ட பையன் இல்ல மக்கா. தங்கச்சிக்காரியும் மன்னிப்புக் கேட்டா. அப்ப சிந்தியா சொன்னா, எனக்க பேச்சைப் பதிஞ்சதுக்கு நான் மன்னிச்சாச்சு, ஆனா அதுல இருந்தது எங்க அப்பாவுக்க காரியம், அதுக்கு அவருதான் சொல்லணும், அவரு மனசறிஞ்சு சரின்னா ரெண்டாவது ஓலை, இல்லன்னா இந்தக் கல்யாணம் வேண்டாம்னுட்டா. நம்ம குடும்பத்துல இப்படி நிமிர்ந்து நின்னு பேசின பொம்பளைப் பிள்ளையை நான் பாத்ததில்ல. நீ என்னன்னா அவதான் மானத்தை வித்துட்டான்னு சத்தம் போடுக. பொய் சொல்லி ஒரு வீட்டுல கேற வேண்டாம்னு அவ நினைச்சது எந்த ஊருல தப்பு?

கடுதாசி கிடைச்ச உடனே அவளைக் கூப்பிட்டு நல்ல வார்த்தை சொல்லு. ஓலை வாசிக்கணுமா வேண்டாமான்னு அவகிட்டயே சொல்லிரு, எதுன்னாலும் எனக்குச் சம்மதம். அடுப்புக்கிட்ட நிக்கவன் தண்ணி நிறையக் குடிக்கணும் கேட்டியா. உனக்க நெத்தியில சிலுவை வரைஞ்சு முத்தம் தாறேன், மாதா உன்னை எந்நேரமும் காக்கட்டும். ஒண்ணு மட்டும் மறந்துராத, புதுசா ஒரு போட்டோ எடுத்துத் தபால்ல போடு. கோட்டும் டையும் கெட்டாண்டாம், நீ சமைக்க அந்தப் பெரிய வட்டகைக்குப் பக்கத்துல கரண்டியோட நிக்கணும், முகம் தெளிவாத் தெரியணும். முன்னறையில, வாசல்ல கால் வச்ச உடனே கண்ணுல படுக இடத்துல ஆணி அடிச்சு வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
சமையல்காரன் யோவானுக்க அம்மை
விக்டோரியா