வீட்டுக்காரர் பார்த்துட்டாரு

ஜூன் 4
பால் கணக்கு இடிக்கிறது. ஒரு டம்ளர் எங்கே போனதென்று எனக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். மாடிப்படியில் கதவுக்குக் கதவு விரட்டப்பட்ட சாம்பல் பூனை, கடைசியில் என் வாசலில் வந்து உட்கார்ந்தது. வாயும் வயிறுமாக இருக்கிறது. எப்படித் துரத்த? வாஷிங் மெஷின் பின்னால் பழைய போர்வையைப் போட்டிருக்கிறேன். நாய், பூனை வைத்தால் காலி பண்ணணும் என்று சொல்லித்தான் வீடு கொடுத்தார்கள்.

ஜூன் 7
"என்னடி நாத்தம்?" என்றார் இவர். "எலி செத்திருக்கும்" என்றேன். பொய். ஆண்டவனே, பொறுத்துக்கொள். இவரிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.

ஜூன் 11
எதிர்வீட்டுத் தையல்காரி படியில் பிடித்துக்கொண்டாள். "அக்கா, பூனை உங்க பால்கனில நின்னுச்சு. உங்க வீட்டுக்காரர் பார்த்துட்டாரு. ஒண்ணும் பேசல, பார்த்துட்டுப் போயிட்டாரு."
பேசவில்லையாமே. அதுதான் பயம். போன வீட்டு முதலாளியும் பேசாமல்தான் இருந்தார், சாமானைத் தூக்கி வெளியே வைக்கும்வரை. எங்கே போவோம்?

ஜூன் 12
பூனையைக் காய்கறிப் பையில் வைத்துத் தூக்கிப்போய் மார்க்கெட் பின்னால் விட்டுவிட்டேன். கத்தக்கூட இல்லை. பிரார்த்தனைக்கு உட்கார்ந்தேன். பாதியில் எழுந்து அந்தப் போர்வையைத் துவைத்துப் போட்டேன்.

ஜூன் 13
இவர் மீன் தலை வாங்கிவந்து நேராக மெஷின் பின்னால் குனிந்தார். "எங்கடி உன் செத்த எலி?"
"உங்களுக்கு எப்படி—"
"பால்கனில பார்த்தேனே. தையல்காரியும் நின்னாளே, சொல்லலியா?"
சொன்னாள். வீட்டுக்காரர் என்றுதான் சொன்னாள். நான் வீட்டு முதலாளி என்று நினைத்துத் தொலைத்தேன். அவள் சொன்னது என் புருஷனை! ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்.
"அழுதது போதும், செருப்பை மாட்டு" என்றார். இருட்டும்வரை தேடினோம். நாய்கள்தான் கண்ணில் பட்டன.

ஜூன் 14
மீன்காரம்மாவின் பலகைக்கு அடியில் நடுங்கிக்கொண்டு கிடந்தது. மார்போடு அணைத்துத் தூக்கிவந்தேன். மறைக்கத் தோன்றவில்லை. கீழ்வாசலில் வீட்டு முதலாளி நின்றார். இந்த முறை பார்த்தது அவரேதான். மாசக் கடைசிக்குள் காலி பண்ணணுமாம்.

ஜூன் 22
"இனிமே ஒளிக்கிற வேலையே வேண்டாம், காட்டியே வீடு கேட்போம்" என்கிறார் இவர். காட்டுகிறோம். கதவைச் சாத்துகிறார்கள். பூனைக்கோ குட்டி போடும் நாள் நெருங்கிவிட்டது. இவர் அது இருக்கும் பையின் ஜிப்பைக் கொஞ்சம் திறந்துவைத்தே அடுத்த தெருவுக்கு நடக்கிறார். உள்ளே காற்று வேண்டுமாம்.